நெவில் செய்த விளக்கு

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டால் கோரலுக்கு உடனே தெரியவராது என்று நெவில் கணக்குப் போட்டிருந்தான். சாப்பாட்டு மேஜைக்கு மேலே மொட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்த பல்பை அவன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"டல்சி அக்கா குடுத்த விளக்குக் கூண்டு எங்க?" என்றாள் கோரல்.

"கீழ இறங்கிடுச்சு."

"தானாவா?"

நெவிலின் கையில் புதுத் தூண்டில் கழி இருந்தது. வெளியே மழை விடவில்லை, அதனால் வீட்டுக்குள்ளேயே வீசிப் பழகிப் பார்த்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. தூண்டில் முள்ளில் கூண்டின் பித்தளைச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தது.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அக்கா சாப்பிட வர்றா, ஞாபகம் இருக்கா? நம்ம கல்யாணத்துக்கு அவ குடுத்தது அது. வந்ததும் மொதல்ல அதத்தான் நிமிந்து பாப்பா. சரி விடு, கடையில ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்."

அங்கேதான் நெவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"கடையா? எதுக்கு? நானே செய்யறேன். இப்பல்லாம் நீளமா மரத்துல செஞ்சு, உள்ள எல்.இ.டி. பட்டை ஒட்டித் தொங்க விடறாங்களே, அந்த மாதிரி ஒண்ணு. அக்கா அசந்து போயிடணும்."

கோரல் "சரி" என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

நெவில் ஹாரப், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். டாஸ்மேனியாவின் தெற்குக் கரையில் இருக்கும் வாட்டில் பே என்ற அந்தச் சின்ன ஊரில், ஓய்வு பெற்ற ஆண்களை வீட்டில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்பதற்காக ஒரு பட்டறை இருந்தது. மரம், உளி, இரம்பம், மெஷின்கள், எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் தேநீர்ப் பாத்திரம் எல்லாம் அங்கே உண்டு. நெவில் போகாத நாள் இல்லை. ஆனால் அங்கிருந்து அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த பொருட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரொட்டி வெட்டும் பலகை வளைந்து படகு மாதிரி ஆகிவிட்டது. தபால் பெட்டிக்குள் கைவிட்டுச் சிராய்ப்பு வாங்கிய தபால்காரி, அதற்கப்புறம் கடிதங்களை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கோரல் எதையும் தூக்கிப் போடவில்லை, கேலியும் செய்யவில்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது. ஒரே ஒரு தடவை, அவன் கொண்டுவந்து வைக்கும் ஒன்றைப் பார்த்து அவள் கண் விரிய வேண்டும். இந்த வயதில் அவனுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது.

மறுநாளே பட்டறைக்குப் போய்த் தன் மேஜையில் மரத்தைப் பரப்பினான். மேஜை துப்புரவாக இருந்தது. அவனுக்கு எரிச்சல் வந்தது.

"லெஸ், யாரோ திரும்பவும் என் மேஜையத் தொட்டிருக்காங்க" என்றான். லெஸ் பட்டறைப் பொறுப்பாளன். எதற்கும் அவசரப்படாத ஆள்.

"வியாழக்கிழமைக்காரங்களா இருக்கும்."

"உளியெல்லாம் தீட்டி வச்சிருக்காங்க."

"இது ஒரு குறையா, மாப்ளே?"

குறைதான். வியாழக்கிழமைகளில் பட்டறையைப் பெண்களுக்குத் திறந்துவிடுவது என்று சென்ற வருடம் ஓட்டெடுப்பு நடந்தபோது, எழுந்து நின்று எதிர்த்துப் பேசியவன் நெவில். பெண்கள் வந்தால் உளி மழுங்கிவிடும், மேஜை மேல் பூச்சாடி வந்துவிடும் என்று பேசிக் கைதட்டலும் வாங்கினான். ஆனாலும் தோற்றுப்போனான். அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சைக் கோரலுக்கு முழுசாக நடித்தே காட்டினான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்படியா" என்றாள்.

"யாரு அந்தப் பொம்பள? பேரச் சொல்லு, நான் பேசிக்கறேன்" என்றான் லெஸ்ஸிடம்.

"எனக்கென்ன தெரியும். வியாழக்கிழமை நான் மீன் பிடிக்கப் போயிடறேன். அவங்க சாமானெல்லாம் அந்த அலமாரியில பூட்டியிருக்கு. சாவி அவங்ககிட்ட."

நெவில் அலமாரியை ஒரு முறை முறைத்துவிட்டு வேலையில் இறங்கினான்.

முதலில் வளையம் மாதிரி ஒரு விளக்கு என்பது அவன் திட்டம். மெல்லிய மரப்பட்டிகளை ஆவியில் வேகவைத்து வளைக்க வேண்டும். அடுத்த நாள் வியாழக்கிழமை, பட்டறை ஆண்களுக்கு இல்லை. ஆகவே வீட்டு அடுப்பிலேயே வைத்தான். நல்ல வேளையாகக் கோரல் பாட்டுக்குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை வேகவைக்கும் அவளுடைய பெரிய பாத்திரம்தான் பட்டிகளுக்குப் பொருத்தமாக இருந்தது. வானொலியில் கிரிக்கெட் ஓடியது. தண்ணீர் வற்றியதை அவன் கவனிக்கவில்லை. மரம் கருகியது, பாத்திரம் கருகியது, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியதில் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து அலறியது.

கோரல் வந்து பாத்திரத்தைப் பார்த்தாள்.

"உள்ள என்ன வேகுது?"

"விளக்கு."

"இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையிலிருந்து எதையோ தட்டிவிட்டபடி உள்ளே போனாள்.

வளையம் வேண்டாம், நேராகவே இருக்கட்டும் என்று நெவில் முடிவு செய்தான். நீளமான ஒரு மரக்கட்டை, அதன் அடியில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் பட்டை. குழந்தைகூடச் செய்துவிடும். பள்ளம் வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு அவன் கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனான். ஆழம் போதவில்லை என்று தோன்றியது. திரும்பி வந்தான். இன்னும் போதவில்லை. மூன்றாவது முறை போனபோது மெஷினின் பல் மறுபக்கம் வெளியே வந்து வெளிச்சம் பார்த்தது.

ஓட்டையை மறைக்கப் பள்ளத்தை அகலப்படுத்தினான். அகலம் கோணலாகிவிட்டதால் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினான். கடைசியில் கட்டையில் கட்டையைவிடப் பள்ளம் அதிகமாக இருந்தது.

லெஸ் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தான். "நல்லா வந்திருக்கு. கோழி எத்தனை வச்சிருக்க?"

"இது விளக்கு."

"அப்படியா. நான் தீவனத் தொட்டின்னு நெனச்சேன்."

சரி, மரத்தை யார் பார்க்கப் போகிறார்கள், வெளிச்சத்தைத்தானே பார்ப்பார்கள் என்று நெவில் மனதைத் தேற்றிக்கொண்டு எல்.இ.டி. பட்டைக்கு வந்தான். பட்டைச் சுருளில் கத்தரிக்கோல் படம் போட்டுச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. அந்தக் கோட்டில் மட்டும்தான் வெட்ட வேண்டும். நெவில் அந்தப் படத்தைக் கடைக்காரனின் அலங்காரம் என்று நினைத்து, தனக்குத் தோதான இடத்தில் வெட்டினான். பாதிப் பட்டை எரிந்தது, மீதி செத்துப்போனது. செத்த பாதிக்குப் பதில் வேறொரு சுருள் வாங்கி இணைத்தான். அது மஞ்சளாக எரிந்தது, இது வெள்ளையாக எரிந்தது. இரண்டையும் பிய்த்துப் போட்டுவிட்டு, நிறம் மாறும் வகையில் ஒன்றை வாங்கினான். அது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நீலம்தான் காட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தது.

"மீன் கடை தொறக்கப் போறியா?" என்றான் லெஸ்.

பின்பக்கப் பசை மரத்தில் நிற்காமல் பட்டை நூடுல்ஸ் போலத் தொங்கியதால், அதன் மேல் ஆணி அடித்தான். ஆணி எதன் வழியாகப் போயிற்று என்பது அடுத்த கணமே தெரிந்தது. படாரென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பட்டறை முழுக்க இருட்டு. இரம்பங்கள் நின்றன. அதைக்கூட அவர்கள் மன்னித்திருப்பார்கள். தேநீர்ப் பாத்திரமும் நின்றுவிட்டது.

இருட்டுக்குள்ளிருந்து பல குரல்கள் நெவிலின் பெயரைச் சொல்லின. கூட இன்னும் சில சொற்களும் வந்தன.

ஊரில் உரிமம் உள்ள ஒரே எலக்ட்ரீஷியன் ஸ்டாஷ்தான் வந்து சரிசெய்தான். போலந்துக்காரரின் மகன், மனதில் பட்டதை வாய்க்கு வர விடாமல் தடுக்கத் தெரியாதவன். பட்டறைக்குக் காசு வாங்காமல் வேலை செய்து கொடுப்பான்.

"யாருய்யா ஆணி அடிச்சது?"

எல்லாரும் நெவிலைப் பார்த்தார்கள்.

"வியாழக்கிழமைக்காரங்க இவ்வளவு நாளா இங்க வேலை செய்யறாங்க. ஒரு தடவை ஃபியூஸ் போனதுண்டா? ஒவ்வொண்ணையும் என்கிட்டக் காட்டி, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போறாங்க. நீங்களும் இருக்கீங்களே."

நெவில் தீவனத் தொட்டியை அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினான்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் கோரல், "ஞாயித்துக்கிழமைக்கு விளக்கு ஆயிடுமா?" என்று கேட்டாள்.

"கடைசிப் பூச்சுதான் பாக்கி."

"ஆகலேன்னாலும் பரவால்ல நெவில். அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பு அவனைக் குத்திவிட்டது. ஆகாது என்று அவள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாள் என்றுதான் அவனுக்குக் கேட்டது.

"ஆயிடும்னு சொன்னா ஆயிடும்" என்றான்.

சனிக்கிழமை விடிந்ததும், பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹோபார்ட் சந்தைக்கு வண்டியை விட்டான். கைவினைக் கடைகளின் வரிசையில் தலையைக் குனிந்து நடந்தான், தெரிந்த முகம் எதிரே வந்துவிடக்கூடாதே என்று. ஒரு கூடாரத்தின் மூலையில் அது தொங்கியது.

நீளமான தொங்குவிளக்கு. தேன் நிறத்து ஹூவான் பைன் மரம். மூலைகள் விரல் கோர்த்தாற்போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தன. பட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அதன் வெளிச்சம் மட்டும் மரத்தின் விளிம்பிலிருந்து மெல்ல வழிந்தது. நெவில் கிட்டப் போய் மோந்து பார்த்தான். அந்த மரத்துக்கே உரிய வாசனை. எங்கேயோ பழகின வாசனையாக, வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது. இத்தனை நாள் மரத்தூளிலேயே கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"யாரு செஞ்சது?" என்று மழைச்சட்டை போட்ட கடைக்காரனிடம் கேட்டான்.

"பேரு போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கூச்ச சுபாவம். வீட்லகூடத் தெரியாதாம்."

நெவிலுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைத்திருக்க முடியாது. பேரே போட விரும்பாத ஆள் வந்து உரிமை கொண்டாடவா போகிறான். கடைக்காரன் சொன்ன விலை அதிகம்தான், ஆனாலும் பேரம் பேசவில்லை. விளக்கை வண்டிக்குள் வைத்துத் தன் கம்பளிச் சட்டையால் மூடி எடுத்து வந்தான்.

ஞாயிறு காலை அதைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துக் கோரலைக் கூப்பிட்டான்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த கோரல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் கண் விரிந்தது. அவன் இத்தனை காலம் ஆசைப்பட்டதைவிட நன்றாகவே விரிந்தது. நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்துகொண்டாள்.

"இது... நீ செஞ்சதா?"

"பின்ன வேற யாரு?"

"நீயேவா?"

"இந்தக் கையாலதான்."

கோரல் அவனுடைய கையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நெவில் நினைத்தான். மனதில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. பொய்தானே. ஆனால் அவளை இவ்வளவு சந்தோஷப்படுத்திய ஒரு பொய்யை இனி எப்படித் திரும்பப் பெறுவது.

"ரொம்ப அழகா இருக்கு நெவில்" என்றாள் அவள், முகத்தை எடுத்தபின். "நான் பாத்ததுலயே இதான் அழகு. நெஜமாச் சொல்றேன்."

கூரைக் கொக்கியில் விளக்கை மாட்டினான். மின் இணைப்பு மட்டும் மிச்சம். உரிமம் இல்லாதவன் வீட்டு ஒயரில் கை வைத்தால் சட்டப்படி குற்றம். பட்டறையில் நடந்ததற்குப் பிறகு கோரல் அவனை நம்பவும் தயாராக இல்லை.

"ஸ்டாஷ வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை அவன் வேலைக்கு வர மாட்டானே."

"டல்சி அக்கா பாவ்லோவா கேக் செஞ்சு எடுத்துட்டு வர்றான்னு சொன்னேன். வர்றேன்னுட்டான்."

டல்சி சொன்ன நேரத்துக்கு வந்தாள். தலைமையாசிரியையாக இருந்தவள், வாழ்நாளில் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் கூண்டு எங்க?"

"ஒடஞ்சு போச்சுக்கா. அதுக்குப் பதிலா நெவில் செஞ்சது இது" என்றாள் கோரல்.

டல்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கைச் சுற்றி வந்தாள். விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"தபால் பெட்டி செஞ்சியே, அதே ஆளா நீ?"

"அது ஆரம்ப காலம் அக்கா."

"ம். நல்லாத்தான் இருக்கு" என்றாள் டல்சி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததைக் குடும்பத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறியபோது கோரலுக்கு ஏனோ மரவேலையில் பெரிய ஆர்வம் வந்துவிட்டது.

"அக்காவுக்குச் சொல்லு நெவில், அந்த மூலைய எப்படிச் சேத்த?"

"பசைதான்."

"வெறும் பசையா?"

"நல்ல பசை."

"பட்டை சூடாகாம இருக்க உள்ள அலுமினியத் தகடு வச்சிருக்கியே. அது எப்படித் தோணுச்சு?"

உள்ளே தகடு இருப்பதே நெவிலுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அனுபவம்" என்று சொல்லிவிட்டு வாய் நிறையக் கிழங்கைத் திணித்துக்கொண்டான்.

"உப்புத்தாள் எந்த நம்பர்ல முடிச்ச?"

அவன் கிழங்கைக் காட்டித் தலையாட்டினான்.

"என் வீட்டுக்கும் ரெண்டு வேணும்" என்றாள் டல்சி. "கூடத்துக்கு ஒண்ணு, படிக்கிற அறைக்கு ஒண்ணு."

நெவிலின் தொண்டையில் கிழங்கு நின்றுவிட்டது.

"செஞ்சு குடுப்பான், அவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா" என்று கோரல் அவன் முதுகைத் தட்டினாள். "அதுமட்டுமில்ல, வர்ற மாசம் பட்டறையில எல்லாருக்கும் முன்னால செஞ்சு காட்டப்போறான். லெஸ்கிட்டச் சொல்லிட்டேன்."

"எப்பச் சொன்ன?" என்றான் நெவில் ஈனக்குரலில்.

"காலையிலேயே. நீ கொக்கி மாட்டிட்டிருந்தப்ப."

டல்சி இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்துக்கொண்டாள். "நீ மட்டும் என்னவாம் கோரல்? அந்தப் பாட்டுக்குழுவுக்குப் போய் என்ன கத்துக்கிட்ட? ஒண்ணு பாடிக் காட்டேன்."

"தொண்டை கட்டியிருக்குக்கா" என்றாள் கோரல்.

நெவிலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கூச்ச சுபாவக்காரனை எப்படியாவது கண்டுபிடித்துக் காலில் விழுந்தாவது மரவேலை கற்றுக்கொள்வது, முடியாவிட்டால் ஊரை விட்டுப் போய்விடுவது என்று இரண்டு வழிகளையும் எடைபோட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் ஏணியோடு ஸ்டாஷ் வந்து சேர்ந்தான். பாவ்லோவா எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டான். நெவில் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி, தலையைக் கூரைக்குள் விட்டு ஒயர்களை இணைத்தான்.

"போடு" என்றான்.

கோரல் சுவிட்சைப் போட்டாள். மழை இருட்டுக் கட்டியிருந்த அறையில் மேஜை மட்டும் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. டல்சி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நெவில் கோரலைப் பார்த்தான், கோரல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டதும் வருவது வரட்டும், இந்த ஒரு நிமிடத்துக்காக எதையும் தாங்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஏணி மேலிருந்த ஸ்டாஷ் மரத்தின் மூலையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு கீழே குனிந்து கேட்டான்.

"என்ன கோரல், போன வியாழக்கிழமை பட்டறையில நெவில் மேஜையில நீ செஞ்சு முடிச்ச விளக்குதான இது, சந்தையில எந்த மடையனும் வாங்கலையா?"